மேல்கண்டத்துக் காணி

வந்தாறுமூலை
மார்ச் 9

தங்கச்சி துசாந்தினிக்கு,

நீ கொழும்பில் சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவர்கள் அக்காவின் நம்பரை அடைத்து வைக்க மாட்டார்கள், ஏதாவது ஒன்றுக்குத் தேவைப்படும். இங்கே நானும் அத்தானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். ரெலிபோனை அடைக்கலாம், தபால்காரனை அடைக்க ஏலாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தச் சிறுபோகத்துக்குக் குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. நேற்று வட்டைக் கூட்டம் நடந்தது. தண்ணீர் குறைந்த வருசத்தில் நம்முடைய வயல்வட்டையில் என்ன செய்வோம் என்பதைக் கொழும்புத் தண்ணீர் குடித்து நீ மறந்திருப்பாய், சொல்கிறேன். குளத்துக்குக் கிட்ட இருக்கிற மேல்கண்டத்தில் மட்டும் விதைப்போம். அதை எல்லாருக்கும் பங்கு போடுவோம். கடைக்கண்டத்தில் காணி வைத்திருக்கிறவருக்கும் மேல்கண்டத்தில் ஒரு துண்டு கிடைக்கும். போகம் முடிந்ததும் காணி காணிக்காரருக்கே திரும்பிப் போகும். அம்மா அப்படித்தான் எத்தனையோ சிறுபோகம் செய்தா.

இந்த முறை அது இல்லையாம். கமக்காரர் சங்கத்துக்கு ஒரு கம்பனி செயற்கை நுண்ணறிவு என்று ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறது. குளம், மழை, மண், நெல்லினம் எல்லாவற்றையும் பார்த்து எந்தக் காணிக்குத் தண்ணீர் விடலாம் என்று அது சொல்லுமாம். ஊரில் அதற்குக் கொம்பியூட்டர் விதானை என்று பெயர் வைத்தாயிற்று. தண்ணீர் பங்கிடுகிற உண்மையான வட்டை விதானை இளையதம்பி அண்ணன் கூட்டத்தில் எழும்பி, "பங்கு போட்டு விதைச்சா விளைச்சல் குறையுதாம். மேல்கண்டத்துக் காணிக்காரரே முழுசாச் செய்யட்டாம். கடைக்கண்டம் இந்தப் போகம் சும்மா கிடக்கட்டாம்" என்றார். "ஆர் சொன்ன?" என்று கேட்டேன். "நான் இல்ல புள்ள, இதுதான்" என்று கையிலிருந்த ரெலிபோனைக் காட்டினார். வெட்கம் கெட்ட மனுசன். வட்டையின் சண்டையெல்லாம் தீர்த்த வாயால் அதைச் சொன்னார்.

எனக்கு இருக்கிறது ஒரே வழிதான். மேல்கண்டத்தில் உன்னுடைய இரண்டு ஏக்கரில் ஒரு மூலையை இந்த ஒரு போகத்துக்கு எனக்கு விடு. பெரும்போகத்தை வாவி மேவி வந்த வெள்ளம் கொண்டு போனது. இதுவும் போனால் என் ஒன்றரை ஏக்கரை முப்பது ஏக்கர்க்காரர் ஏரம்பமூர்த்திப் போடியாருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அத்தானோடு நானும் கூலிக்குப் போக வேண்டியதுதான். போடியார் இப்போதே வந்து படலையைத் தட்டிவிட்டுப் போகிறார். உடனே பதில் போடு.

உன் மகளுக்கு என் முத்தம். உனக்கு இல்லை.

வதனி


வெள்ளவத்தை
மார்ச் 21

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நம்பரை ஏன் அடைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பார்மசியில் சனம் மருந்துத் துண்டோடு வரிசையில் நிற்கிறபோது எடுத்து ஏசினால் நான் என்ன செய்வது?

காணி இப்போது என் கையில் இல்லை, அக்கா. கம்பனிக்கு மாதிரி வயலாக ஐந்து வருசத்துக்குக் கொடுத்திருக்கிறேன். முந்திய குத்தகைக்காரர் ஒவ்வொரு போகமும் ஒவ்வொரு கதை சொன்னார். ஒருமுறை எலி, ஒருமுறை வெள்ளம், ஒருமுறை எல்லாம் பதர். கொழும்பில் இருந்துகொண்டு எது உண்மை, எது புளுகு என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? இப்போது காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போதே ரெலிபோனில் என் வயலைப் பார்க்கிறேன். எங்கே ஈரம், எங்கே காய்ச்சல், வயலுக்குள் யார் இறங்கினார் எல்லாம் காட்டுகிறது. இவ்வளவு காலத்தில் எனக்குப் பொய் சொல்லாத குத்தகைக்காரன் அதுதான்.

தண்ணீர்க் கணக்கிலும் வஞ்சகம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இருக்கிற தண்ணீரில் கூடுதல் நெல் எங்கே விளையுமோ அங்கே விடச் சொல்கிறது. அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. இளையதம்பி அண்ணனுக்கு இருந்தார்கள்.

உங்கள் விஷயத்தைக் கம்பனியிடம் கேட்டுச் சொல்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கை
துசாந்தினி


வந்தாறுமூலை
மார்ச் 27

துசா,

பிள்ளையார் என்னை நல்லாகத்தான் வைத்திருக்கிறார், நீ அவரை அலுப்புக் கொடுக்காதே.

கேட்டுச் சொல்கிறாயாம்! அம்மா உனக்குச் சீதனமாக எழுதின காணியில் அக்கா ஒரு மூலையை விதைக்க, யாரோ கம்பனிச் சேட்டுப் போட்ட பொடியனிடம் அனுமதி கேட்கிறாய். உனக்கே இதை எழுதும்போது கை கூசவில்லையா?

காணி பிரித்த அன்றைக்கு நீயும் வயல் வாடியில் இருந்தாய். அம்மா மூத்தவள் என்று என்னிடம்தான் முதலில் கேட்டா, "மேல்கண்டமா, கடைக்கண்டமா, எது வேணும்?" என்று. நான் கடைக்கண்டத்தை எடுத்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார், "விசரி, குளத்தடிக் காணிய விட்டுட்டு வாவியடிக் காணிய எடுக்கிறாளே" என்று. நான் என்ன சொன்னேன்? "தண்ணி இருக்கிற வருசம் எல்லாக் காணியும் விளையும். தண்ணி இல்லாட்டி எல்லாரும் மேலதானே செய்யப் போறம். இதில மேல் என்ன, கடை என்ன?" என்றேன். அம்மா சிரித்தா. நீயும் சிரித்தாய்.

வேறெந்த ஊரிலும் ஒருத்தி இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டாள். பங்கு போடுகிற வட்டையில் பிறந்ததால் விட்டேன். அந்தப் பங்கு இருக்கிற மட்டும்தான் அது சமமான பிரிவு. அதை எடுத்துவிட்டால் சோறு உனக்கு, கழுவாத சட்டி எனக்கு. கொம்பியூட்டர் விதானைக்கு இது தெரியாமல் இருக்கலாம், கடைக்கண்டத்து ஆட்களை அது பார்த்ததும் இல்லை. உனக்குமா தெரியாது?

விதைநெல் வீட்டில் ஒரு சாக்கு இருக்கிறது. சித்திரைக்குள் பதில் வேண்டும்.

உன் மகளை மழையில் நனைய விடாதே.

வதனி


வெள்ளவத்தை
ஏப்ரல் 5

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

காணி பிரித்த கதை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் எழுதினதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் சொன்ன முதல் காரணம், "கடைக்கண்டம் வீட்டுக்குக் கிட்ட, அத்தானுக்கு நடக்கப் பஞ்சி" என்பது. அத்தானின் சோம்பல் இத்தனை வருசத்துக்குப் பிறகு உங்கள் தியாகமாகிவிட்டது. உங்களிடம் கேட்ட அம்மா என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நீங்கள் வேண்டாமென்று விட்டது எனக்கு வந்தது, அதற்கும் நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டுமாம்.

பங்கு வருசங்களைப் பற்றியும் பேசுவோமே. என் காணிக்குள் பத்துக் குடும்பம் இறங்கும். வரம்பை வெட்டுவார்கள், வைக்கோலைப் போட்டுக் கொளுத்துவார்கள், போகம் முடிந்தால் ஒருவரும் வரம்பைக் கட்டித் தரமாட்டார்கள். மேல்கண்டத்துக்காரி வாயைத் திறந்தால் பேராசைக்காரி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, அக்கா. எனக்கும் ஒரு வயிறு இருக்கிறது. இவருக்குக் கப்பல் வேலை போன பிறகு இந்த வீடு என் தலையில்தான் நிற்கிறது. அதை உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும்.

கம்பனியிடம் கேட்டேன். வேறு கை படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இடையில் வேறொருவர் விதைத்தால் மாதிரி வயலின் கணக்கே பிழைத்துப் போகுமாம். உங்கள் காணியில் கௌப்பிப் பயறு போடலாம், அதற்குக் கொஞ்சத் தண்ணீர் போதும் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்.

புதுவருசத்துக்கு வாழ்த்துகள்.

துசாந்தினி


வந்தாறுமூலை
ஏப்ரல் 11

துசா,

உன் புருசனுக்கு வேலை போனது உண்மையிலேயே கவலை. அதை மட்டும் தனியாக எழுதுகிறேன், மற்றதோடு சேர்க்காதே. நான் ஊருக்குச் சொல்லவும் இல்லை.

கௌப்பியாம். வாவி உப்பு ஏறுகிற மண்ணில் கௌப்பி! சரி, கொழும்புக்காரி சொல்கிறாள், ஒருவேளை நான்தான் ஒன்றும் தெரியாத மோடு என்று நினைத்து, சங்கக் கட்டடத்துக்குப் போய் உன் விதானையிடமே கேட்டேன். போடியார் அங்கே கதிரையில் இருந்து தன்னுடைய முப்பது ஏக்கரைப் பற்றி அதோடு கதைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு ஐயா, ஐயா என்று ரேடியோத் தமிழில் பதில் சொல்கிறது. எந்த மூலைக்கு யூரியா காணாது, எந்த நாளில் மழை விழும், யாருடைய மெசினை எப்போது பிடித்தால் நல்லது என்று ஒன்றும் விடாமல் சொல்கிறது. அவர் எழும்பின பிறகு நான் போய், "கடைக்கண்டத்தில் ஒன்றரை ஏக்கர், கௌப்பி வருமா?" என்று கேட்டேன். "உங்கள் காணி இந்தச் சேவையில் இல்லை. ஐந்து ஏக்கருக்குக் குறைந்த காணிகள் சேர்க்கப்படவில்லை" என்றது. உன்னுடைய இரண்டு ஏக்கர் கம்பனியின் மாதிரி வயல் என்பதால் தப்பியது. என் காணியைச் சும்மா போடு என்று தீர்ப்புச் சொல்ல அதற்குத் தெரியும், என்ன விதைக்கலாம் என்று கேட்டால் அதற்கு என் காணியைத் தெரியாது. பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாயா?

போடியார் சிரித்தார். "என்னட்டத் தந்தா உன்ட காணியும் சேர்ந்திரும் புள்ள" என்றார். அப்படியே செருப்பைக் கழற்றலாம் போல இருந்தது.

மற்றது, ஓட்டமாவடி நெல் வியாபாரி உசனார் காக்கா நேற்று இந்தப் பக்கம் வந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார்: "உங்கட தங்கச்சி பொங்கலுக்கு முந்தியே கையெழுத்து வெச்சிட்டாவே. மேல்கண்டத்து ஆக்களுக்கு அப்பவே தெரியும், தண்ணி இந்த முறை அவங்களுக்கு மட்டும்தான் எண்டு." கூட்டம் நடந்தது மார்ச்சில், துசா. பொங்கல் தையில்.

ஒரே ஒரு கேள்வி. கையெழுத்து வைக்கும்போது என் காணி காயப்போகிறது என்று உனக்குத் தெரியுமா?

வதனி


வந்தாறுமூலை
ஏப்ரல் 25

துசா,

வருசம் பிறந்து போயிற்று. பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே, பதிவுத் தபாலில் போட்டேன்.

அத்தான் சொல்கிறார், "விடு வதனி, நீரடிச்சு நீர் விலகுமா? அவள் எழுதுவாள்" என்று. அவர் நல்ல மனுசன், அதனால்தான் உருப்படவில்லை. நீ சுகமா என்று நான் இந்த முறை கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல், பிறகு கேட்கிறேன்.

வதனி


வெள்ளவத்தை
ஏப்ரல் 30

அன்பின் அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். மகளுக்குக் காய்ச்சல். டெங்கு என்று பயந்துவிட்டோம், சோதித்துப் பார்த்ததில் இல்லை. இப்போது சோறு தின்கிறாள். பெரியம்மா அனுப்புகிற தயிர் வேண்டுமாம்.

இங்கே சரியான வெக்கை. பார்மசியிலும் ஆள் குறைத்துவிட்டார்கள், இரண்டு பேர் செய்த வேலையை நான் ஒருத்தி செய்கிறேன். இவர் ஏதோ ஹோட்டலில் கேட்டிருக்கிறார், சரிவரும் போல இருக்கிறது.

என் காணியைச் சேறடித்து மட்டமாக்கியாயிற்று என்று கம்பனி படம் அனுப்பினது. கண்ணாடி போல் இருக்கிறது. மே ஆறாம் திகதி விதைக்கிறார்கள்.

அத்தானுக்கு மூட்டுவலி எப்படி? இங்கே ஒரு நல்ல எண்ணெய் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

துசாந்தினி


வந்தாறுமூலை
மே 3

துசா,

எண்ணெய் வேண்டாம்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். காய்ச்சல் இருக்கிறது, வெக்கை இருக்கிறது, தயிர் இருக்கிறது. நான் கேட்டது மட்டும் அதில் இல்லை. அதுவே பதில் என்று விளங்கிக்கொண்டேன். பிள்ளைக்குச் சுகமானது சந்தோசம். அவளுக்குத் தயிர் அனுப்புவேன், உனக்காக இல்லை.

இன்று காலை விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டேன். ஊறின நெல் முளைவிட்டால் பிறகு நிற்காது, ஒரு நாள் பிந்தினாலும் வீண் என்று உனக்குத் தெரியும். மே ஐந்தாம் திகதி உன் காணியின் தெற்கு மூலையில் விதைப்பேன். ஒரு மூலை மட்டும்தான். மிச்சத்தில் உன் கம்பனி அடுத்த நாள் என்னத்தையும் விதைக்கட்டும். நான் களவெடுக்கப் போகவில்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, அம்மா இறங்கின வரம்பால்தான் இறங்குவேன். கம்பனி ஏதாவது கேட்டால் "அது என்ட அக்கா" என்று ஒரு சொல் சொல், போதும். வேறொன்றும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

தடுக்கிறதென்றால் நீயே வந்து வரம்பில் நின்று தடு. நேருக்கு நேர் ஏசிக்கொள்வோம். அதுவும் நடந்து கனகாலம்.

இதைக் கொழும்பு பஸ் ஓட்டுகிற ரிஸ்கானிடம் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கே உன் கையில் தருவான்.

வதனி


வந்தாறுமூலை
மே 12

துசாந்தினிக்கு,

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும், நீ கேட்க வேண்டும்.

விடிந்ததும் நானும் அத்தானும் போனோம். நெல் நல்லாக முளைத்திருந்தது, வெள்ளை வெள்ளையாக. தெற்கு மூலையில் விதைத்து முடித்து, வரம்பில் இருந்து வெற்றிலை போட்டோம். அத்தான்கூடச் சொன்னார், "பார்த்தியா, ஒரு பிரச்சினையும் இல்ல" என்று. அந்த வெற்றிலை வாயில் இருக்கும்போதே கம்பனி வாகனம் வந்தது. பின்னால் ஒரு பொலிஸ்காரர். அதற்கும் பின்னால் உழவு மெசின்.

கம்பனிப் பொடியன் மரியாதை கெட்டவன் இல்லை. "அம்மா, குறைநினைக்காதீங்க. கமராவில ஆள் விழுந்தா காணிக்காரருக்குப் படம் போகும். தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா எண்டு கேக்கும். தெரிஞ்ச ஆள் எண்டு பட்டன அமத்தியிருந்தா நாங்க வந்தே இருக்க மாட்டம். தெரியாத ஆள் எண்டு வந்திருக்கு" என்றான். "தம்பி, அவள் என்ட கூடப்பிறந்தவள்" என்றேன். பொலிஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஏன் அவ உங்களத் தெரியாது எண்டு சொல்லுறா?" என்று கேட்டார். ஊரே வரம்பில் நின்றது, துசா. இளையதம்பி அண்ணனும் நின்றார்.

என் கண்ணுக்கு முன்னாலேயே மெசினை இறக்கி, முளைத்த நெல்லைச் சேற்றோடு புரட்டினார்கள். வீட்டில் இருந்த கடைசி விதைநெல் அது. என்னைப் பொலிசுக்குக் கூட்டிப் போய், இனி அந்தக் காணிக்குள் இறங்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். நாளைக்குப் போடியாரிடம் என் காணியைக் கொடுக்கப் போகிறேன். உன் கொம்பியூட்டர் விதானைக்குச் சந்தோசமாக இருக்கும். முப்பது ஏக்கரோடு சேர்ந்தால் என் மண்ணையும் அதற்குத் தெரியவரும்.

உன்னை ஏச எத்தனையோ சொல் வாயில் வந்தது. ஒன்றையும் எழுதவில்லை. ஏனென்றால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அன்றைக்கு வெயிலுக்குத் தலையில் துணி கட்டியிருந்தேன். குனிந்துதான் விதைத்தேன். முதுகு மட்டும் விழுந்திருக்கலாம். ரிஸ்கான் என் கடிதத்தை நேரத்துக்குத் தராமலும் இருந்திருக்கலாம். யாரோ களவாணி என்று நீ நினைத்திருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று ஒரு வரி எழுது. நான் நம்புகிறேன். உண்மையோ பொய்யோ, நம்புகிறேன். அத்தானுக்கும் காட்டி, இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அந்தப் படத்தில் என் முகம் தெரிந்ததா?

வதனி


வெள்ளவத்தை
மே 21

அக்காவுக்கு,

நீங்கள் சொல்லித் தந்த வரியை எழுதிப் பார்த்தேன். எழுதிக் கிழித்தேன், திரும்பவும் எழுதினேன். அதை அனுப்பினால் நீங்கள் உண்மையாகவே நம்பிவிடுவீர்கள், அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

ரிஸ்கான் கடிதத்தை நாலாம் திகதியே தந்துவிட்டான். அவனைக் குறை சொல்லாதீர்கள்.

படம் வந்தபோது நான் பார்மசியில் நின்றேன். நீங்கள் நிமிர்ந்து நிற்கிறீர்கள். துணி தோளில் கிடக்கிறது. நேரே கமராவைப் பார்த்து வாய் திறந்திருக்கிறீர்கள். ஏசினீர்களோ, என்னைக் கூப்பிட்டீர்களோ தெரியவில்லை. படத்தில் சத்தம் வராது.

முகம் நன்றாகத் தெரிந்தது.

துசாந்தினி